செங்கல்பட்டு வட்டாரச் சிறு உழவர்: ஊர்க்கடனும் கொடையும்

ஏரிப் பாசனத்தை நம்பிச் சிறு நிலத்தில் பயிர் வைப்பவர்களுக்கு ஊர்ப் பொதுப் பணத்திலிருந்தோ, ஊரார் கூடி நடத்தும் சங்கத்திலிருந்தோ, அவற்றின் வழியாக அரசிடமிருந்தோ கிடைத்துவந்த பண உதவியின் வரலாறு இது. நிலப்பரப்பு பழைய செங்கல்பட்டு மாவட்டம்: பாலாற்றின் இருகரை, மதுராந்தகம், உத்திரமேரூர், திருவள்ளூர்ப் பக்கத்து ஏரி ஊர்கள், கிழக்கே திருப்போரூர், மாமல்லபுரம், செய்யூர்க் கடற்கரை. 1997இல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகி, 2019 நவம்பர் 29இல் காஞ்சிபுரத்திலிருந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. எல்லைகள் மாறினாலும் உழவின் முறை பெரிதாக மாறவில்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். அவற்றில் எத்தனை கைக்கு வரும் என்பதை ஏரியில் நிற்கும் தண்ணீர் தீர்மானிக்கும். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. திரும்ப வாங்காத பணத்தை எல்லாருக்கும் பொதுவான ஒன்றில் போட்டபோது அது நின்று பயன் தந்தது. தனியாளுக்குக் கொடுத்த பணம், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்து, திரும்பி வரவேண்டிய கடனாக இருந்தபோது நின்றது. கொடை கடனின் இடத்துக்கும் கடன் கொடையின் இடத்துக்கும் மாறிய காலங்களில் இரண்டுமே கெட்டன. இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. அதுவும் செங்கல்பட்டில்தான் முதலில் எழுதிக் காட்டப்பட்டது.

மானியம் என்ற சொல்லிலேயே பாதி வரலாறு இருக்கிறது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது சொட்டுநீர் மானியம், டிராக்டர் மானியம், விதை மானியம்; விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்வது. முன்பு மானியம் என்றால் வரி நீக்கி விடப்பட்ட நிலம். ஏரியைப் பார்ப்பவர், தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியார் எனப் பலருக்கும் மானியம் இருந்தது. விளைச்சலை உண்பவர் அதற்கான வேலையைச் செய்தாக வேண்டும். பெறுபவருக்கு ஊரிடம் ஒரு கடமை இருந்ததால்தான் அது கொடையாகச் செல்லுபடியானது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் இதன் இன்னும் பழைய வடிவைக் காணலாம். அவ்வூர் வைரமேக தடாகம் என்னும் பேரேரிக்குப் பல்லவர் காலத்திலிருந்தே பொன்னும் நெல்லும் அறக்கொடையாக வந்தன. கொடையாளி பொன்னை ஊர்ச் சபையிடம் ஒப்படைப்பார். முதல் கரையாது, அதன்மேல் வரும் வட்டியான பொலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியில் குழி குத்தி, வண்டலை அள்ளிக் கரையில் கொட்ட வேண்டும். பொலியூட்டு என்று கல்வெட்டுகள் சொல்லும் இந்த முறையில் ஒரே பொன் இரண்டு வேலை செய்தது. சபை வழியாக அது கடனாக வெளியே சுற்றியது. அதன் வட்டி ஏரிக்குக் கொடையானது.

919, 921 ஆகிய ஆண்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில், அதே ஊரில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பலரும் மக்களாட்சிக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அவற்றை நிதி நிருவாகச் சட்டமாகப் படிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக்காலம் ஓராண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் குடத்தில் ஓலை இட இடமில்லை. ஊர்ப் பணத்தைத் தொட்டவர் கணக்கைத் தீர்க்காதவரை அந்தக் குடும்பமே வெளியில் நிற்க வேண்டும் என்ற இந்தக் கடுமை, பொதுப் பணம் எங்கே ஒழுகும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் எழுதியது. அதே கல்வெட்டு, வேலியில் கால் பங்குக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடையவருக்கே தகுதி என்றும் சொல்கிறது. அது பிராமணருக்கு விடப்பட்ட ஊரின், அதாவது பிரமதேயத்தின், சபை. ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் இறங்கி உழைத்தவருக்கு ஏரிக் கணக்கில் குரல் கிடையாது. இந்தக் குறையைப் பின்னால் எடுத்துக்கொள்வோம்.

1763இல் ஆர்க்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். வரலாற்று ஆய்வாளர் தரம்பால் அந்த ஆவணங்களை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகு, சென்னையில் உள்ள கொள்கை ஆய்வு மையத்தினர் அவற்றுக்கு மூலமான ஓலைக் கணக்குகளையும் சேர்த்துப் படித்தார்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள திருப்போரூரின் ஓலைக் கணக்கு, வடக்குப்பட்டுக் கணக்குடன் சேர்ந்து 2001இல் நூலாகவும் வந்தது. களத்தில் நெல் குவிந்ததும் அரசுக்கான மேல்வாரம், உழவருக்கான குடிவாரம் எனப் பிரிப்பதற்கு முன்பே ஏரிக்கு, கோயிலுக்கு, கணக்கருக்கு, தச்சர் கொல்லருக்கு எனப் படி அளந்து எடுத்துவைக்கும் மேரை முறை அவற்றில் தெரிகிறது. இப்படி ஊர்ப் பொதுவுக்குப் போனது மொத்த விளைச்சலில் கால் பங்கை ஒட்டியது என்பது ஆய்வாளர் கணக்கு. இதைப் பொற்காலமாக்கிப் பேசும் எழுத்துக்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேரையை அளந்த மரக்கால், பரம்பரை நிலவுரிமை கொண்ட மிராசுதாரர் கையில்தான் இருந்தது. ஆனாலும் ஏரிக்கான பங்கு விளைச்சலோடு ஏறி இறங்கியது; களத்திலேயே, எல்லார் கண்முன்னும் பிரிந்தது. கம்பெனி ஆட்சியில் அந்தப் பங்கு மெல்ல மெல்ல வரிக்கணக்குக்குள் மறைந்ததும் ஏரி சர்க்காரின் பொறுப்பாயிற்று. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்டதையும், அடைமழை இரவில் இராமரும் இலக்குவனும் வில்லேந்திக் கரையைக் காத்ததை அவர் கண்டதாகச் சொல்லும் ஏரி காத்த ராமர் கதையையும் அவ்வூரில் எல்லாரும் அறிவர். ஊர்க்கூட்டம் காத்துவந்த கரையைக் காக்க ஒரு கலெக்டரும் ஒரு தெய்வமும் வேண்டியிருந்த காலத்தை அந்தக் கதை தன்னை அறியாமலே பதிவு செய்துவிட்டது. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு ஆள் வராதபோது கட்டாயப்படுத்த 1858இல் சென்னை மாகாணத்துக்கெனச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடன் என்ற சொல்லுக்கு உழைப்பவர் நடுவே இருந்த பொருள் வேறு. கலியாணச் செலவுக்கு வாங்கிய சிறு தொகைக்காக ஒருவர் மிராசுதாரரிடம் படியாளாகச் சேர்வார்; கடன் தீராது; மகனும் அதே வீட்டுக்குப் படியாளாவான். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கை இதை விரிவாகக் காட்டியது. தரிசு நிலம் கேட்டு அவர்கள் விண்ணப்பித்தால் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லாததால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை. அதன் விளைவாக வந்ததே 1892 செப்டம்பர் 30ஆம் தேதியின் அரசாணை. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற ஒப்படை நிலங்கள், சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர், இந்த வழியில் கொடுக்கப்பட்டன. பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது; பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. முதலில் சொன்ன விலக்கு இதுதான். ஒன்றுமே இல்லாதவருக்குக் கடன் கொடுத்தால் அது இன்னொரு கட்டாகிவிடும்; அவருக்கு முதலில் வேண்டியது கொடை. ஆனால் அரசாணை நிலத்தைக் கொடுத்ததோடு நின்றுவிட்டது. ஏர், மாடு, விதை, முதல் விளைச்சல் வரும்வரை சாப்பாடு, இவற்றுக்குப் பணம் யாரிடம் வாங்குவது? எந்த மிராசுதாரரிடமிருந்து விடுபடச் சொன்னார்களோ அவரிடமே. நிலம் கைமாறியதற்கு மோசடியும் மிரட்டலும் காரணங்கள். கூடவே கடனும் ஒரு காரணம்.

இதே ஆண்டுகளில்தான் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, மாகாணத்தில் நில வங்கி, வேளாண் வங்கி தொடங்க முடியுமா என்று ஆராய ஐரோப்பா சென்றுவந்தார். அவருடைய அறிக்கை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. அரசிடம் அப்போது தக்காவிக் கடன் இருந்தது; 1883, 1884ஆம் ஆண்டுச் சட்டங்கள் கிணறு வெட்டவும் விதை, மாடு வாங்கவும் அதற்கு வழி செய்திருந்தன. ஆனால் அதை வாங்கத் தாலுகா கச்சேரிக்கு நடையாய் நடக்க வேண்டும். நிக்கல்சனைக் கவர்ந்தது ஜெர்மனியின் ராய்ஃபைசன் முறை. ஒரு சிறு ஊர், ஒருவரையொருவர் அறிந்த உறுப்பினர், ஒருவர் கட்டத் தவறினால் எல்லாரும் தம் சொத்தைக் கொண்டு பொறுப்பேற்கும் மட்டற்ற பொறுப்பு. தமிழ்நாட்டுக்கு இது முற்றும் புதியதல்ல. நிதி நிறுவனங்கள் நகரத்தில் இருந்தன. மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி 1872இலேயே தொடங்கியது. ஊரில் சீட்டு இருந்தது. புதிதாக வேண்டியிருந்தது சட்டத்தின் ஏற்பு. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அதைத் தந்தது. குறைந்தது பத்துப் பேர், உறுப்பினர்க்கு மட்டுமே கடன், ஊர்ச் சங்கத்துக்கு மட்டற்ற பொறுப்பு, லாபத்தைப் பங்கு பிரிக்காமல் சேம நிதியில் சேர்ப்பது என்பவை அதன் அடிப்படைகள்.

மாகாணத்தின் முதல் பதிவாளராகப் பி. ராஜகோபாலாச்சாரி பொறுப்பேற்றார். 1904 ஆகஸ்டில் பதிவான திரூர் வேளாண் கூட்டுறவுச் சங்கம்தான் அச்சட்டத்தின் கீழ் இங்கே எழுந்த முதல் ஊர்க்கடன் சங்கம். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். கர்நாடகத்தார் 1905இல் கணகினஹாளில் தொடங்கிய சங்கத்தை முதலாவது என்று போற்றுகிறார்கள். பதிவுத் தேதியைப் பார்த்தால் திரூருக்கே முந்துரிமை. 1904 அக்டோபரில் அதே செங்கல்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவு வங்கி பதிவானது. 1905இல் சென்னையில் தொடங்கிய மத்திய நகர வங்கி, ஊர்ச் சங்கங்களுக்குப் பணம் அனுப்பும் வாய்க்காலாகி, பிற்காலத்தில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியாயிற்று. பஞ்சாயத்தார் என்று அழைக்கப்பட்ட சங்க நிருவாகிகள் ஒரு விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் விதத்தில்தான் திட்டத்தின் உயிர் இருந்தது. கேட்பவருக்கு எத்தனை காணி, மாடு எத்தனை, போன தடவை வாங்கியதை உழவுக்குப் போட்டாரா காதுகுத்துக்குப் போட்டாரா என்பது அவர்களுக்குக் காகிதம் பார்க்காமலே தெரியும். கடன் வாராக் கடனானால் தங்கள் நிலத்துக்கும் ஆபத்து என்பதும் தெரியும். ஊர் அறிவும் சொந்தப் பொறுப்பும் ஒன்று சேர்ந்த இடம் அது.

அந்தச் சேர்க்கை ஏன் நிலைக்கவில்லை என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு முதன்மையாகப் படுவது பணம் வந்த திசை. ராய்ஃபைசன் சங்கங்கள் ஊர்ச் சேமிப்பை வைத்து ஊருக்குக் கடன் கொடுத்தன. செங்கல்பட்டுச் சங்கங்களில் உறுப்பினர் வைப்புத்தொகை சிறியது; பணம் சென்னையிலிருந்தும் மத்திய வங்கியிலிருந்தும் இறங்கி வந்தது. அக்கம்பக்கத்தார் பணத்தைக் கட்டாமலிருப்பதற்கு இருந்த வெட்கம், எங்கிருந்தோ வந்த பணத்தைக் கட்டாமலிருப்பதற்கு இல்லை. 1929க்குப் பிந்திய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் தவணைகள் தேங்கின; பல சங்கங்கள் பெயரளவில் நின்றன. 1938இல் ராஜாஜி அரசு உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1951-52இல் கோர்வாலா குழு நடத்திய அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வு, அரை நூற்றாண்டு முயற்சிக்குப் பிறகும் உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 விழுக்காடுதான் என்று கண்டது. சுமார் 70 விழுக்காடு வட்டிக்குக் கொடுப்பவர்களிடமிருந்து வந்தது. குழு சொன்ன மருந்து, அரசே சங்கங்களில் பங்குதாரராவது. மருந்து வேலை செய்தது; பணம் பெருகியது. ஆனால் பங்குடன் அதிகாரியும் வந்தார். சங்கங்கள் இணைக்கப்பட்டுப் பெரிதாயின. மட்டற்ற பொறுப்பு மறைந்தது. தேர்தல் நடக்காத நீண்ட ஆண்டுகளில் தனி அலுவலர்கள் நிருவாகம் செய்தார்கள். ஊர்ச் சங்கம் அரசுக் கடனின் கடைசிக் கவுன்டராக மாறியது.

அந்தக் கவுன்டரில் இன்று நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பயிர்க்கடன் கேட்பவர் சிட்டாவும், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட அடங்கலும், ஆதாரும், வங்கிக் கணக்குப் புத்தகமும் கொண்டுவர வேண்டும். ஏக்கருக்கு எவ்வளவு என்பதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு பயிர்வாரியாக முன்பே வகுத்துவிடும். தொகையில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரம். கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. சலுகை பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கே தீர்மானிக்கிறவை முழுக்கக் காகிதங்கள். அடங்கலில் யார் பெயர் என்பதே கேள்வி. வயலில் இறங்குபவர் யார் என்ற கேள்விக்கு இடமில்லை. கூடவே தேர்தல் காலங்களில் தள்ளுபடி வந்தது. 2006இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் சுமார் 6,866 கோடி ரூபாய். 2016இல் சிறு, குறு உழவர்க்கு 5,780 கோடி. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி. அதே ஆண்டு ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காகக் கணக்கைத் துருவியபோது, 48 லட்சத்துக்கு மேற்பட்ட நகைக்கடன்களில் தகுதி பெற்றவை 13 லட்சத்துக்குச் சற்று மேல்தான் என்று தெரிந்தது. கடனாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் கொடையாக மாற்றுவதில் உள்ள கோளாறு ஒழுக்கம் சார்ந்தது மட்டுமல்ல. கெடுவுக்குள் கட்டிவிட்டவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. காகிதம் இல்லாததால் கந்துவட்டிக்கு வாங்கிய குத்தகைதாரருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. கொடை யாருக்கு மிகத் தேவையோ அவரைத் தவிர மற்றவரைத் தேடிப் போகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது கனமான வாதம். ஊர்ப் பொறுப்பு என்பது ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் தாங்குவது. ஏரி மாவட்டத்தில் எல்லாரும் ஒரே நாளில் வீழ்வார்கள். 2015 கடைசியில் வெள்ளம். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்த வறட்சி. அந்த டிசம்பர் 12ஆம் தேதியே வர்தா புயல். ஒரே ஏரியின் கீழ் பயிர் வைத்த நூறு பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதில் என்ன பொருள்? பொருளில்லைதான். அதனால்தான் பேரிடருக்கான பணம் ஊருக்கு வெளியிலிருந்து வர வேண்டும். ஆனால் அது கடன் கணக்கைப் பிடித்து வர வேண்டியதில்லை. பயிர் அழிந்த பரப்பைப் பிடித்து, பயிர் செய்தவரைப் பிடித்து வரலாம். காப்பீடாக வரலாம், நிவாரணமாக வரலாம். தள்ளுபடி, புயலில் பயிர் போனவரையும் புயல் தொடாதவரையும் ஒரே தராசில் வைக்கிறது. இதே வகையில் சிந்தித்தவர் பொருளியல் அறிஞர் ஏ. வைத்தியநாதன். ஊரகக் கூட்டுறவுக் கடன் அமைப்பைச் சீரமைக்க அவர் தலைமையில் அமைந்த குழு, 2005இல் அளித்த அறிக்கையில், சங்கங்களின் பழைய நட்டத்தை ஈடுசெய்ய ஒரு முறை நிதி கொடுக்கலாம், ஆனால் தேர்தல், தணிக்கை, அரசுத் தலையீட்டுக் குறைப்பு ஆகிய நிபந்தனைகளோடுதான் என்றது. கொடை தனியாளுக்கு அல்ல, நிறுவனத்துக்கு, அதுவும் கடமையோடு. பழைய மானியத்தின் பொருள் அதுவேதான். பணம் வந்தது; நிபந்தனைகளில் பாதி வழியில் உதிர்ந்துவிட்டது.

பொதுவானவற்றுக்குக் கொடை என்ற பழைய வழி இப்போது வேறு பெயர்களில் திரும்பியிருக்கிறது. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கிவைக்கப்பட்ட குடிமராமத்துத் திட்டம், முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை எடுத்தது. செலவில் பத்தில் ஒரு பங்கை, ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது விதி. சில இடங்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை செய்தார் என்ற புகார் எழுந்தது. கணக்குக் காட்டாதவரை விலக்கிய உத்திரமேரூர் விதி இங்கே இல்லாதது ஒரு காரணம். கூட்டுப்பண்ணையத் திட்டம், 2017-18 முதல், 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள் ஐந்தை இணைத்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவாக்கி, இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி கொடுத்தது. 2020இல் மத்திய அரசு அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டம், உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு இணையாக ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை சேர்க்கிறது. தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. சிறு, குறு உடைமைகள் 93 விழுக்காடு. இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவாக வைத்திருப்பவர் தனியாக நடவு இயந்திரம் வாங்கினால் அது ஆண்டில் சில நாள் ஓடி மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். தவணை மட்டும் நிற்காது. நூறு பேருக்குப் பொதுவான இயந்திரம் வாடகைக்கு ஓடி, வாடகை குழுவின் வங்கிக் கணக்குக்குத் திரும்பினால் அது நம் காலப் பொலியூட்டு. முதல் கரையாமல் பலன் தரும். குழுத் தலைவர் வீட்டுக் கொட்டகையிலேயே நின்று, வாடகைப் புத்தகம் வெறுமையாக இருந்தால், அது தனியாளுக்குப் போன கொடை.

ஊர் என்று சொல்லும்போது யாருடைய ஊர் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. உத்திரமேரூர்ச் சபையில் பிராமணர், ஜாகீர் காலத்தில் மிராசுதாரர், சங்கப் பஞ்சாயத்துகளில் பெரும்பாலும் நிலமுள்ள சாதியினர். ஊர் அறிவே ஊர் அடக்குமுறையும் ஆகும். யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று அறிந்தவர்களே அந்தக் கடனைக் கொண்டு ஆளைக் கட்டினார்கள். 1920களில் தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்கென்று தனிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து மனை வாங்க உதவியது, பொதுச் சங்கத்தில் அவர்களுக்கு இடம் எப்படியிருந்தது என்பதற்குச் சான்று. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் போன்றோரின் அரசியல் இல்லாமல் அதுவும் நடந்திராது. நூறாண்டு கழித்தும் கணக்குத் தீரவில்லை. 1994 அக்டோபர் 10ஆம் தேதி, செங்கல்பட்டுப் பகுதிக் காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக எழுந்த போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஆகவே ஊரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்பவரோடு நான் உடன்படவில்லை. ஊர்ப் பொறுப்பு வேண்டும். ஊரில் சேர யாருக்கு உரிமை என்பதை மட்டும் ஊர் தீர்மானிக்கக் கூடாது, சட்டம் தீர்மானிக்க வேண்டும். நிலமே இல்லாதவருக்கு முதலில் கொடை, பிறகு கடன் என்ற வரிசையும் வேண்டும். ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசுக் கழகமான தாட்கோ 2023-24இல் தொடங்கிய நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம், நிலமற்ற ஆதிதிராவிட வேளாண் தொழிலாளப் பெண்கள் நிலம் வாங்கப் பாதி விலையை, 5 லட்சம் ரூபாய் வரை, ஏற்கிறது. 1892க்குப் பின் இந்த வரிசையைச் சரியாகப் புரிந்துகொண்ட அரிய முயற்சி இது. ஆனால் திருப்போரூர், மாமல்லபுரம் பக்கம் 10 லட்சத்துக்கு எவ்வளவு நிலம் வரும் என்பதை மனைத் தரகர்களிடம் கேட்டால் போதும்.

கடைசி எதிர்வாதம் அங்கிருந்தே எழுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் நிலத்தை மனையாக்கிவிட்ட பிறகு, இங்கே சிறு உழவுக்குப் பணம் கொடுப்பது கரைந்துபோகும் உப்பில் பணம் போடுவது. விற்றுவிட்டுப் போகட்டும் என்பது அந்த வாதம். நிலம் வைத்திருப்பவரைப் பற்றி இது உண்மையாக இருக்கலாம். அவர்களில் பலர் சவுக்கு வைத்துவிட்டு நகரத்தில் இருக்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டு கழித்து ஒரே வெட்டு, நடுவில் ஆள் வேண்டாம், கடன் வேண்டாம். ஆனால் உண்மையில் உழுபவர் பலருக்கு விற்க நிலமே இல்லை. சித்தாமூர், இலத்தூர், பவுஞ்சூர்ப் பக்கம் தர்பூசணி போடுபவர் ஒரு பருவத்துக்கு வாய்ப்பேச்சில் குத்தகை பிடிக்கிறார். மார்கழி, தையில் விதை. ஒட்டுவிதை, நிலப்போர்வைத் தாள், சொட்டுநீர்க் குழாய் என்று செலவு முழுவதும் முதல் வாரத்திலேயே போய்விடும். எழுபது நாளில் காய். சங்கக் கடனுக்கு அடங்கலில் அவர் பெயர் இருக்காது. குத்தகைப் பதிவுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தாலும், பதிந்தால் நிலம் போய்விடும் என்று உரிமையாளர் அஞ்சுவதால் பெயர் ஏறாது. ஆகவே வியாபாரியிடம் முன்பணம். வாங்கியவரிடமே காயைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி விலை விழுந்தபோது, வயலில் காய் கிடந்தது, முன்பணம் நின்றது. நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவுக்கு அடங்கல் இல்லாமல் கடன் தரலாம் என்று நபார்டு வழிகாட்டுதல் இருபது ஆண்டாக இருக்கிறது. திரூர்ச் சங்கத்தின் மட்டற்ற பொறுப்பு, பத்துப் பேர் அளவுக்குச் சுருங்கிய வடிவம்தான் அது. அதைச் செங்கல்பட்டுக் கடற்கரைக் குத்தகை உழவருக்குப் பெருமளவில் கொண்டுசெல்லாமல், நிலத்தின் விலையைக் காட்டி உழவு முடிந்துவிட்டது என்பது காரியத்தைத் தொடங்காமலே தீர்ப்பு எழுதுவது.

குத்தகைக்கு உழுபவரும் கூலிக்கு நாற்று நடுபவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராவதற்குப் பட்டா தேவையில்லை. சங்க எல்லைக்குள் வசிக்கும், 18 வயது நிறைந்தவர் பங்குத் தொகையும் நுழைவுக் கட்டணமும் கட்டிச் சேரலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான்.